போகாத விருந்தாளி

திருவிழா நேரத்தில் முதுகுப் பையோடு ஊர் சுற்ற வந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணை மகன் வீட்டில் தங்க வைத்ததிலிருந்து மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்தவளுடைய பாஷை அந்த வீட்டில் மருமகளுக்கு மட்டும்தான் தெரியும்.

"எப்பக் கிளம்புறாளாம்னு கேளு."

மருமகள் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். வந்தவள் சிரித்த முகமாகப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

"ஐஸ் வைக்கிறாளா? நான் மசிய மாட்டேன். இது ஒண்ணும் சத்திரம் இல்லன்னு சொல்லு."

சொன்னாள். வந்தவள் துடைப்பத்தை எடுத்து மாடிவரை பெருக்கினாள்.

மறுநாள் மாமியார் கத்தியே விட்டாள். "சூடு சொரணை இருந்தா இப்பவே நடையைக் கட்டச் சொல்லு."

அந்தப் பெண் பதறிப்போய், அழுக்குத் துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு துவைக்க ஓடினாள்.

மூன்றாம் நாள்தான் ஒருவழியாகத் தொலைந்தாள். மாலையில் மகன் போனோடு வந்தான்.

"நம்ம வீட்டைப் பத்தி எழுதியிருக்காம்மா. போனே நம்ம பாஷைக்கு மாத்திக் குடுக்குது, கேளு."

வாசித்தான். "இந்த வீட்டில் அருமையான வழக்கம் ஒன்று உண்டு. திருவிழா மூன்று நாளும் மருமகளுக்கு முழு ஓய்வு. அவள் வேலையெல்லாம் விருந்தாளிதான் செய்ய வேண்டும். நான் மறந்துவிடக் கூடாதென்று அம்மா அடிக்கடி கண்டிப்போடு நினைவூட்டினார்."

மாமியார் மெல்லத் திரும்பினாள்.

சோபாவில் கால் நீட்டி நகச்சாயம் பூசிக்கொண்டிருந்த மருமகள் தலையைத் தூக்கவில்லை.

"அடுத்த திருவிழாவுக்கு ரெண்டு பேரா வரச் சொல்லுங்க," என்றாள் கணவனிடம். "அத்தை வாய்க்கு ஒருத்தி பத்தல."