இன்னும் தட்டுதா?

1961 ஜூன் 4, ஞாயிறு. பூசை முடிந்து தென்னூர் வீட்டுக்குத் திரும்பியதும், என் கணவர் அமிர்தராஜ் வாசலில் நின்ற பழைய லாரியை ஒன்பதாம் முறையாக ஸ்டார்ட் செய்தார். இஞ்சின் சீராக ஓடினால், மறுநாளே உப்பிலியபுரத்துக்கு லோடு ஏற்றப் புறப்பட்டுவிடுவார்.

“இஞ்சின் இன்னும் தட்டுதா ரோசரி?”

‘ஆம்’ என்று தலையசைத்தேன்.

“நல்லா கவனிச்சுச் சொல்லு. பிஸ்டன் வரைக்கும் மாத்திட்டேன்.”

மீண்டும் தலையசைத்தேன்.

பக்கத்து வீட்டு ஹபீபுல்லா மதிலுக்கு அப்பாலிருந்து சிரித்தார். “டீச்சரம்மா, நீங்களா பொய் சொல்றது? தையல் மெஷின் மாதிரி ஓடுதே! பாவம், மனுசன் நாலு மாசமா கழட்டி மாட்டிக்கிட்டு இருக்காரு.”

அவர் அவ்வளவு உரக்கச் சொல்லியும் என் கணவர் திரும்பவில்லை. காற்றடிக்கும்போது டயர் முகத்தருகே வெடித்த நாள் முதல் அவருக்கு இரு செவிகளும் கேட்பதில்லை. பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன்கூடக் கேளாதவரை எப்படிச் சாலைக்கு அனுப்புவேன்?

முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டிய உள்ளங்கையை அவர் பானெட்டின்மேல் வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“ஆமா ரோசரி, தட்டுது,” என்றார்.

மறுநாள் இஞ்சினை மீண்டும் பிரிப்பது என்று முடிவாயிற்று.