சிலிண்டரில் தண்ணீர்

“இந்தக் கைதான் என் வண்டியைக் கொன்ன கை. நல்லாப் பாத்துக்குங்க.”

முதலாளி தன் மச்சினனின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அப்போதுதான் வந்து சேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டினார். அந்தக் கையில் வண்டி கழுவும் ரப்பர் குழாய் இருந்தது. புதன்கிழமை காலை. கடல் சவாரிக்கு வந்த நாலு பேர், லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மணலில் நின்றபடி வேடிக்கை பார்த்தார்கள்.

கரைக்கு இழுத்து வைத்திருந்த வாட்டர் ஸ்கூட்டரின் பொத்தானை மெக்கானிக் அமுக்கினார். ‘டக்’ என்று ஒரே சத்தம். அதற்கு மேல் மூச்சில்லை.

“பேட்டரி எப்படி?”

“புதுசுண்ணே,” என்றான் மச்சினன்.

“உன்னை யாருடா கேட்டா?” முதலாளி பாய்ந்தார். “நான் சொல்றேன் கேளுங்க. திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் குதிரை மாதிரி ஓடுச்சு. அப்புறம் இவன்தான் எஞ்சினுக்குக் குழாயைச் சொருகிக் கழுவினான். முதல்ல எஞ்சினை ஸ்டார்ட் பண்ணணும், அப்புறம்தான் குழாயைத் திறக்கணும். தொரை மாத்திச் செஞ்சிருக்காரு. தண்ணி சைலன்சர் வழியா ஏறி உள்ள உக்காந்திருச்சு. நேத்து செவ்வாய்க்கிழமை, நமக்கு லீவு. ஒரு நாள் முழுக்க ஊறிக் கிடந்திருக்கு.”

“எட்டு வருஷமாக் கழுவறேன், மாமா. ஒரு நாளாவது மாத்திச் செஞ்சிருக்கேனா?”

“அதை அவர் சொல்லட்டும். உன் தப்புன்னு தெரிஞ்சா இன்னிக்கே பெட்டியைக் கட்டிரு. வேலையும் கிடையாது, பின்கட்டு ரூமும் கிடையாது. பொண்டாட்டியோட தம்பியாச்சேன்னு எத்தனை நாள்தான் தூக்கிச் சுமக்கிறது?”

டிக்கெட் அறையின் சின்ன ஜன்னலில் முதலாளியின் மனைவி முகம் தெரிந்தது. “அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள்ள சரியாயிடுமாங்க?”

“லீவு நாள்ல ஓடினா என்ன, ஓடாட்டி உனக்கென்ன? தண்ணியைக் கண்டாலே தலை சுத்துதும்ப. நீயெல்லாம் வண்டியைப் பத்திப் பேச வந்துட்ட. போய் டிக்கெட்டைக் கிழி!”

முகம் உள்ளே போய்விட்டது.

மெக்கானிக் சீட்டைக் கழற்றினார். ஸ்பார்க் பிளக் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். மறுபடி பொத்தானை அமுக்கியதும், மூன்று துளைகளிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. முதலாளியின் சலவைச் சட்டை தொப்பலாக நனைந்தது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” நனைந்ததைக்கூடத் துடைக்காமல் துள்ளினார். “நான் சொல்லல?”

மெக்கானிக் குனிந்தார். துளையின் ஓரத்தில் தேங்கியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார். அடுத்த துளையிலும் தொட்டு வைத்துப் பார்த்தார்.

“கழுவற குழாய்ல என்ன தண்ணி வருது?”

“குடிக்கிற தண்ணி. வண்டிக்குன்னே தனியா லைன் போட்டிருக்கேன்.”

“இது கரிக்குது, சார். கடல் தண்ணி. கழுவினதுல போனது இல்ல.”

மச்சினன் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். ஆனால் அந்த நிம்மதி அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

“ஓஹோ!” முதலாளியின் குரல் தணிந்தது, அது கத்தலைவிட மோசமாக இருந்தது. “அப்படின்னா நேத்து லீவு நாள்ல யாரோ இதைக் கடலுக்குள்ள ஓட்டிட்டுப் போயிருக்காங்க. சாவி எப்பவும் என் கழுத்துல. மத்தியானம் தூங்கறப்ப மட்டும் ஆணியில. ஆணிக்குக் கிட்ட வர்றது வீட்டு ஆளுங்கதான். இவ்வளவு நேரம் உன்னைக் கவனமில்லாதவன்னு நெனச்சேன். நீ திருடனாடா?”

“நேத்து முழுக்க ரூம்லதான் படுத்திருந்தேன், மாமா.”

“யார் பாத்தா?”

யாரும் பார்க்கவில்லை. 

மெக்கானிக் வண்டியின் பின்புறம் குனிந்து, அங்கே ஒட்டியிருந்த அம்புக்குறியைத் தட்டிக் காட்டினார். “கொஞ்சம் பொறுங்க, சார். வண்டி கவிழ்ந்திருக்கு. கவிழ்ந்தா ஒண்ணும் ஆகாது. இந்த அம்பு காட்டற பக்கமாப் புரட்டி நிமிர்த்தினா எஞ்சினுக்குள்ள ஒரு சொட்டு போகாது. யாரோ எதிர்ப்பக்கமாப் புரட்டியிருக்காங்க. சைலன்சர்ல நின்ன கடல் தண்ணி அப்படியே எஞ்சினுக்குள்ள இறங்கிருச்சு. கரையோரம்தான் நடந்திருக்கணும், தள்ளிட்டே வந்து எப்பவும் கட்டற கம்பத்துல கட்டிட்டாங்க.”

“அதுக்கு?”

“உங்க மச்சினன் கண்ணைக் கட்டி விட்டாலும் சரியான பக்கம்தான் புரட்டுவாரு. இது தொழில் தெரியாத ஆளோட வேலை.”

“யோவ், உன்னை எஞ்சினைப் பாக்கத்தான் கூப்பிட்டேன். என் குடும்பத்தைப் பாக்க இல்ல.” முதலாளி மச்சினன் பக்கம் திரும்பினார். “இன்னும் என்னடா நிக்கிற? பெட்டியைக் கட்டு!”

மச்சினன் ரப்பர் குழாயைச் சுருட்டி வழக்கமான இடத்தில் வைத்தான். பின்கட்டைப் பார்த்து நடந்தான். நாலடி போயிருப்பான்.

டிக்கெட் அறைக் கதவு படாரென்று திறந்தது. மனைவி விடுவிடென்று வந்தாள். போகிற போக்கில் தம்பியின் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு, புருஷனின் முகத்துக்கு நேராக நின்றாள்.

“கவுந்தா எந்தப் பக்கம் புரட்டணும்னு ஒரு நாளாவது எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?”