தகர மலையில் மழை

மயிலாப்பூர்ப் பெண்கள் பள்ளியின் மாடி அறை மேஜைமேல் களிமண் தென்னிந்தியா வெயிலில் மினுங்குகிறது. மேற்கு ஓரமாக, மடித்த தகரத்துக்குள் ஐஸ் கட்டி அடைத்த மலைத்தொடர். பக்கத்துக் குமுட்டி அடுப்பில் கெட்டில் சீறுகிறது. ஆவி மலையில் மோதி மலையாளத்துப் பக்கம் மழையாக இறங்க வேண்டும், மெட்ராஸ் காய்ந்து கிடக்க வேண்டும். சரியாக வந்தால் இந்த மலை மாகாணக் கண்காட்சிக்குப் போகும். வருகிறவர்கள் பார்க்கத் தோதாக மேஜையைத் திருப்பிய சகினா, அடுப்பை இடம் மாற்ற மறந்துவிட்டாள்; அது இப்போது மெட்ராஸ் பக்கம் நிற்கிறது.

“ஏண்டி, மெட்ராஸ்னாடி நனையறது,” என்று கிசுகிசுக்கிறாள் தோழி ஜானு. படியில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளின் செருப்புச் சத்தம் ஏறி வருகிறது. சகினாவுக்கு அது காதில் விழவில்லை. கதைப் புத்தகங்களில் மட்டுமே மலை பார்த்தவள் அவள். இப்போது அவள் செய்த மலையில் நீர் பொடிப்பொடியாகப் பூக்கிறது, ஒன்றோடொன்று சேர்கிறது, சரிந்து ஓடுகிறது. மாதம் காட்டும் சிலேட்டில் எழுதியிருந்த ‘ஆனி’யைத் தாவணி நுனியால் துடைத்துவிட்டு ‘ஐப்பசி’ என்று எழுதுகிறாள்.

“மழை இந்தப் பக்கமா?” வாசலில் நின்று புருவம் உயர்த்துகிறார் அம்மாள்.

“ஐப்பசியில காத்து கிழக்குக் கடல்லேருந்து வருதுங்க, அம்மா. அதான் மழை நமக்கு.”

அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிகிறார். “என் வீடு பக்கத்துல மந்தைவெளியில. அங்க பெய்யுதா, பார்த்துச் சொல்லு.”

ஒரு துளி களிமண் சரிவில் உருண்டு, தயங்கி, மெட்ராஸ் என்று நட்ட காகிதக் கொடியின் காலடியை நனைக்கிறது.

“பெய்யுதுங்க, அம்மா.”