திறக்காத பானட்
இப்போதுதான் ஓட்டிவந்து நிறுத்திய பழைய கார். வெயிலில் பானட் கொதிக்கிறது; உள்ளேயிருந்து ஒரு பூனைக்குட்டி கத்துகிறது. கணவன் இரண்டு கைகளையும் பானட்டில் ஊன்றி அழுத்துகிறான். மனைவி ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து லிவரை இழுக்கிறாள். துருவேறிய கொக்கி அசையவில்லை. “கொக்கிக்கு எண்ணெய் விடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!” “இப்ப அதுக்கா நேரம்? இழு!” கத்தல் முனகலாகிறது, பிறகு அதுவும் இல்லை. “போயிடுச்சா?” என்கிறாள். அவன் முழு உடம்பையும் பானட்டின் மேல் சாய்க்கிறான். ‘டக்’கென்று கொக்கி விடுகிறது. அவன் பானட்டைத் தூக்க, அவள் ஓடிவந்து, அனல் முகத்தில் அறைய, பேட்டரிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவுகிறாள். ரோமம் தட்டுப்படுகிறது. அசைவில்லை. சட்டென்று ஊசிப் பற்கள் அவள் விரலில் இறங்குகின்றன. “கடிக்குதுங்க, கடிக்குது!” என்று அழுகிறாள். விரலை எடுக்கவில்லை.