நுரை அடங்கும்வரை

குக்கர் விசில் அடிப்பதற்குள் எவுசேபியா எத்தனை தடவை ஜன்னலுக்குப் போய் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஓருரோ நகர ஆஸ்பத்திரியிலிருந்து வரும் மினிபஸ் தெருமுனையில் நிற்கும். செவேரோ இன்னும் இறங்கவில்லை.

அவன் வயிற்றிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று முடிவு சொல்லும் நாள். கூட வருகிறேன் என்றவளை, சமையலைப் பார் என்று விரட்டிவிட்டுப் போயிருந்தான் புருஷன்.

என்ன பெரிய சமையல்? டாக்டர் சொன்ன பத்தியம்தான். காரமில்லாமல் கினோவா தானியச் சோறும் தோலுரித்த கோழியும். சட்டென்று ஆகிவிடும். கழுவுவதுதான் பெரும்பாடு.

கடையில் கழுவிய கினோவா பாக்கெட்டில் கிடைக்கிறது. செவேரோ அதைத் தொடமாட்டான். தன் அண்ணன் வயலில் விளைந்து மூட்டையில் வருவதுதான் வேண்டும் அவனுக்கு. நுரை அடங்கும்வரை அதைத் தண்ணீர் மாற்றி மாற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் கசக்கும்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், லேசாகக் கசந்ததற்கே, தன் வீட்டார் எல்லோர் முன்னாலும் தட்டைத் தள்ளிவைத்தவன் அவன். அந்த அவமானம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை, குறை சொல்லாமல் எழுந்து போனால் அதுதான் அவன் பாராட்டு.

கதவு திறந்தது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தான்.

"என்னய்யா சொன்னாரு டாக்டர்?"

"வெறும் வயித்துப்புண்ணுதானாம். சோத்தைப் போடு. கோழித் தோலை உரிச்சிட்டியா? இந்தக் குளிர்ல பாவம்டி அது."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். அள்ளி அள்ளி வைத்தாள்.

அவன் தலை நிமிராமல் தின்றான். தட்டு காலியானது.

"நல்லா இருக்குடி. இன்னும் கொஞ்சம் வை."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது தடவையும் தட்டு நிறைய வைத்துவிட்டு, தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

முதல் வாயிலேயே நாக்கு சுருண்டது. அப்படி ஒரு கசப்பு.

அவள் பார்வை அடுப்பங்கரைக்கு ஓடியது. கினோவா கழுவிய முதல் தண்ணீர் வெள்ளை நுரையோடு பாத்திரத்தில் அப்படியே நின்றது. ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக அலைந்ததில் ஒரே தடவை கழுவியதோடு குக்கரில் போட்டிருக்கிறாள்.

செவேரோ ஒரு பருக்கை விடாமல் தின்றுகொண்டிருந்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

டாக்டர் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"உப்பு போதுமாய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

தலையாட்டினான்.

அவளும் குனிந்துகொண்டு, தன் தட்டில் இருந்ததை முழுவதும் தின்று முடித்தாள்.