முந்நூற்று ஒன்றாம் பாட்டு

மெட்டுப் போட்டதெல்லாம் போதகரின் மனைவி. பாட்டுப் புத்தகத்தில் பேரைத் தட்டிக்கொண்டு போனவர் அவர். கேட்டால், "நீ வேற, நான் வேறயா?" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

அவரை அடக்கம் செய்து ஆறு மாதம் கழித்துத்தான் தனக்கென்று ஒரு மெட்டுக் கட்டினாள். பாத்திரம் கழுவும்போது முனகியதோடு சரி, எங்கும் எழுதவில்லை. நாலாவது, கடைசி அடி மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், அன்று பாடவேண்டிய பாட்டுகளின் எண் பலகையில் 301 என்றிருந்தது. புத்தகத்தில் இருப்பதே முந்நூறு பாட்டுதான்.

"யாருப்பா இந்த நம்பரை மாட்டச் சொன்னது?"

"உங்க வீட்டு ஐயாதாம்மா. எப்பவும்போல சீட்டெழுதி வச்சிருந்தாரு," என்றார் ஆலயப் பணியாளர்.

சபை முழுவதும் புத்தகத்தில் 301ஐத் திறந்து அவள் மெட்டைப் பாடியது. பாட்டுக்குக் கீழே போதகர் பேர். மூன்றாம் அடி முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக நிறுத்தி, அவளைத் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார்கள்.