மதில்மேல் பால்சோறு

வாழையிலைத் துண்டில் பால்சோறும், அதன்மேல் ஒரு பிஸ்கட்டும் வைத்துவிட்டு, வசுமதி வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "செம்பா, வாடா. வந்து சாப்பிடு."

வேப்பமரத்தில் இருந்த காகம் அணிலிடம் கேட்டது. "யாரைக் கூப்பிடுகிறாள்?"

"அவள் வீட்டு நாயைத்தான். செத்து இன்றோடு ஒரு வருஷம். காக்காயாக வந்து சாப்பிடும் என்று நம்புகிறாள்."

"அவனா? என்னை இந்த மதில் பக்கமே அண்டவிட்டதில்லையே! என் வாலில் இரண்டு இறகு போனதே அவனால்தான். போயும் போயும் அவனாக நான் போய் உட்காரணுமா?"

"இஷ்டமில்லையென்றால் விடு" என்றது அணில். "அவள் மகள் வேலை முடிந்து வரும்போது, மழையானாலும் அவன் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று கூட்டிக்கொண்டு வருவான். இப்போது அந்தப் பெண் தனியாகத்தான் வருகிறாள்."

காகம் கீழே எட்டிப் பார்த்தது. வசுமதி இன்னும் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்மேல கோபமாடா?" என்றாள்.

காகம் இறங்கி வந்து ஒரு வாய் கொத்தியது. கொத்திய வேகத்திலேயே பதறிப்போய் மரத்துக்குப் பறந்தது.

வசுமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"யாரும் துரத்தவில்லையே, ஏன் ஓடி வந்தாய்?" என்றது அணில். "மிச்சத்தையும் போய்ச் சாப்பிடு."

"கொஞ்சம் பொறு" என்றது காகம், வாசலையே பார்த்தபடி. "துரத்துவான்."